மூன்று போல்ட்

மூன்றே போல்ட். எட்டு மில்லிமீட்டர் தலை.
இதற்கா இரண்டு வாரம் யோசித்தாய் என்றேன்.
டுவெய்ன் ஸ்டாட்னிக் பதில் சொல்லவில்லை.
நான் நின்றது அவனுடைய இடப்பக்கம்.

சாஸ்கட்சவான். ஜனவரி.
கராஜுக்கு வெளியே மைனஸ் இருபத்தொன்பது,
உள்ளே ஒரு ஹீட்டர், ஹீட்டரை அடைத்துக்கொண்டு ஒரு நாய்,
பெயர் ரேடார்.
பொட்டாஷ் சுரங்கத்தில் எங்களுக்கு ஒரே ஷிஃப்ட்.
ஒரு கிலோமீட்டர் ஆழத்தில்
இளஞ்சிவப்பு உப்பைக் கடித்துத் தின்னும் இயந்திரத்தின் வால்பக்கம்
இருபத்திரண்டு வருஷம் நின்றவன் அவன்.

வண்டி பிக்கப். ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ.
மிதித்தால் காற்றைப் பிடித்து இறுக்கும்.
காலை எடுத்தால்
இறுக்கிய காற்றுக்குப் போக்கிடம் இல்லை;
கம்பெனி வைத்த வால்வு அதை ஓசைப்படாமல்
வந்த வழிக்கே திருப்பிவிடும்,
சம்பந்தி வீட்டில் ஏப்பத்தை விழுங்குகிறவன் மாதிரி.
நாங்கள் நடுவில் செருகியது ஒரு அலுமினியத் தகடு,
உள்ளங்கை அகலம்கூட இல்லை,
விளிம்பில் ஒரு வாய்.
இனி விழுங்க வேண்டாம்.

பவர் கூடுமா என்றாள் கொரீன், படியில், காபியோடு.
கூடாது.
பெட்ரோல் மிச்சமாகுமா?
ஆகாது.
பிறகு?
சத்தம் வரும், என்றான்,
அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நவம்பரில் காது சோதிக்க ஒரு வேன் வந்தது.
கண்ணாடிக் கூண்டுக்குள் அவன், கையில் பொத்தான்,
கேட்டால் அமுக்க வேண்டும்.
வெளியே வரிசையில் நான். பார்க்கக் கூடாதுதான்.
வெகுநேரம் அந்தக் கட்டைவிரல் அசையவே இல்லை.
அப்புறம் நாலைந்து தடவை சும்மா அமுக்கினான்,
பரீட்சையில் குத்துமதிப்பாக எழுதுகிற பையனைப் போல.
காகிதத்தில் கோடு பாதி தூரம் ஒழுங்காகப் போய்
பள்ளத்தில் விழுந்திருந்தது.
போனது என்னவென்றால்:
கெட்டில், பனியில் நடக்கிற பூட்ஸ்,
அவன் குடும்பப் பெயரின் முதல் எழுத்து.

தானியக் கிடங்கு வரை ஓட்டிப் பார்த்தோம்.
ஐம்பது, அறுபது, எழுபது, காலை எடுத்தான்.

உஷ்ஷ்ஷ்.

அடிவானம் வரை வெள்ளை, அதில் பேச ஒருவரும் இல்லை,
அதைப் போய் வாயை மூடச் சொல்லியது வண்டி.
நான் சிரித்துவிட்டேன்.
வந்ததா? என்றான்.
வந்தது.
பெரிசா?
பெரிசா.
மறுபடி. மறுபடி. பொய் சொல்கிறேனா என்று முகத்தைப் பார்த்தான்.
ஜன்னலை இறக்கினான். மைனஸ் இருபத்தொன்பது
உள்ளே ஏறி எங்கள் நடுவில் உட்கார்ந்தது.
கிடங்கின் தகரச் சுவரை உரசுகிற மாதிரிப் போனால்
எதிரொலிக்கும் என்று கையால் காட்டினேன்.
போனான். தகரம் திருப்பிக் கொடுத்தது,
எனக்கு மட்டும்.

அப்போதுதான் அந்த உள்கண்ணாடியைக் கீழே சாய்த்தான்.
பின்னால் வரும் சாலை அதில் இல்லை,
பின்சீட் இருந்தது, ரேடார் இருந்தது.
மிதித்தான். எடுத்தான்.
தூக்கக் கலக்கத்தில் அதன் இரண்டு காதும்
ஒரே நேரத்தில் விறைத்து எழுந்தன.
மிதித்தான். எடுத்தான்.
எழுந்தன.
இருக்கு, என்றான் டுவெய்ன்,
என்னிடம் அல்ல.

வீடு வந்து சேர்வதற்குள்
நாய் அலுத்துப்போய் காதை மடக்கிக்கொண்டது.
அவனுக்கு அலுக்கவில்லை.

பிப்ரவரியில் வைப்பரில் ஒரு காகிதம்,
ஆல்வீனா ஃப்ரீசன் கையெழுத்தில், பென்சிலில்:
விடிகாலை ஐந்து மணிக்கு அந்தச் சீறல் எதற்கு,
மூன்று வீடு தள்ளியும் கேட்கிறது,
இன்னொரு முறை என்றால் போலீஸுக்குச் சொல்வேன்,
கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக.

சுரங்கக் கூண்டு எங்களை இறக்கிக்கொண்டிருந்தது,
இருபது பேர், தோளோடு தோள்.
சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துப் பிரித்து
ஹெல்மெட் விளக்கை அதன்மேல் சாய்த்துக் காட்டினான்.
கீழ்வரி அல்ல, போலீஸ் அல்ல,
விரல் வைத்த இடம் வேறு.

மூன்று வீடு, என்றான்,
கூண்டு முழுக்கக் கேட்கிற குரலில்.