சட்டம் போடுகிறவன்

பெல்ஸ்ஹில் கடைத்தெருவில்
மீன் வறுக்கும் கடைக்கும் பந்தயம் கட்டும் கடைக்கும் நடுவே
என் கடை.
படங்களுக்குச் சட்டம் போடுகிறேன்.
கல்யாணப் படங்கள், கையெழுத்திட்ட கால்பந்துச் சட்டைகள்,
ஒருமுறை செத்துப்போன நாயின் கழுத்துப்பட்டை.
எது வந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்:
இது எங்கே முடிகிறது?

மற்றவர்கள் விரலால் காட்டிவிடுவார்கள்.
மோர்வென் மில்லர் மட்டும்
உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

இந்த முறை அவள் கொண்டுவந்தது
என் மேசையைவிட நீளம்.
பிரித்து ஒட்டுப்போட்ட மாவுச் சாக்குகள்.
அவற்றின்மேல் முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்த கரித்தூள்,
தேன்மெழுகு, தேயிலை டப்பாவின் மூடி,
417 என்று பொறித்த பித்தளை வில்லை.
சுரங்கத்தில் இறங்கும்போது கொடுத்துவிட்டு
ஏறி வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது.
"ஒவ்வொரு நாளும் இதைத் திரும்ப வாங்கினார்,
அதனால்தான் நான் இருக்கிறேன்" என்றாள்,
பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல.

அவள் அப்பாவின் தாத்தா லித்துவேனியாக்காரர்.
சம்பளக் குமாஸ்தாவுக்கு அவர் பெயர் வாயில் நுழையவில்லை.
வரிசையில் முன்னால் நின்றவன் மில்லர்.
இவரும் மில்லர் ஆனார்.
பின்னால் இன்னும் நாற்பது பேர்,
மழை வேறு.

பழைய பெயர் எந்தத் தாளிலும் இல்லை.
வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்:
ஷால்த்தா.
யாராவது கதவைத் திறந்துபோட்டால் அப்பா கத்துவது.
அது கதவின் பெயர் என்றே
முப்பது வயதுவரை நினைத்திருந்தாளாம்.
அகராதியில் பார்த்தால்,
குளிர்.

சாக்கின் நடுவில் சிவப்பு நூலால்
பதினேழு பெயர்களைத் தைத்துப் பார்த்திருக்கிறாள்,
இதுவாக இருக்குமோ, இதுவோ என்று.
ஒவ்வொன்றாகப் பிரித்தும் விட்டாள்.
ஊசித் துளைகள் மட்டும் நின்றுவிட்டன
அம்மைத் தழும்புபோல.
தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
தெருவில் லாரி ஒன்று திரும்பியது.
அதன் விளக்கு துணிக்குள் புகுந்து
என் மேலங்கி முழுக்கப் புள்ளிகளைக் கொட்டிப் போனது.
படிக்கத்தான் முடியவில்லை.
பின்பலகை வேண்டாம் என்றேன். சரி என்றாள்.

அளக்கக் குனிந்தபோது
வலது ஓரத்தில் மெழுகுக்குள் நீலத் தாள்கள்.
கார்பன் நகல்கள்.
என் கையெழுத்து.
என் கடை ரசீது.
மெர்வின் மில்லருக்கு, தேக்குச் சட்டம் ஒன்று.
மெர்வின் மில்லருக்கு, கண்ணாடி மாற்றியது.
மெர்வின், மெர்வின்,
மூன்று வருடத்தில் பன்னிரண்டு மெர்வின்.
ஆண்பிள்ளைப் பெயர். என் மைத்துனனின் பெயர்.

ஏன் சொல்லவில்லை?

"முதல் நாள் எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள்.
அப்புறம், எவ்வளவு நாளில் பழகும் என்று பார்க்கத் தோன்றியது."

எவ்வளவு நாள்?

"நாலாவது ரசீது.
ரயில் நிலையத்தில் ஒரு பெண் தன் மகனைக் கூப்பிட்டாள்,
மெர்வின் என்று.
திரும்பிப் பார்த்துவிட்டேன்."

மன்னிப்பு கேட்க எனக்குத் தெரியும்.
அளவு நாடாவைச் சுருட்டினேன்,
விரித்தேன், மறுபடி சுருட்டினேன்.
அந்த நீலத் தாள்களின் விளிம்பு
சாக்கின் விளிம்பைத் தாண்டி அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது.
வெட்டவா என்று கேட்கவில்லை.
அகலமான சட்டமாகப் போட்டுவிடலாம்,
கூடுதல் மரத்துக்குக் காசு வேண்டாம் என்றேன்.
"வேண்டும்" என்றாள். "எழுதுங்கள்."

ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன்.
பெயர் என்ன என்று கேட்டேன்,
முதல் தடவையாக.
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.
அடித்தாளிலும் விழட்டும் என்று அழுத்தி எழுதினேன்.
நகலைக் கிழித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

போகும்போது கதவைச் சாத்தவில்லை.
மழைக்காற்று வந்து தரையிலிருந்த மரத்தூளைக் கிளப்பியது.
அதற்கென்று ஒரு சொல் இப்போது எனக்கும் தெரியும்.
கத்திப் பார்த்தேன்.
வாயில் நுழையவில்லை.