குறுக்கே ஒரு கோடு

வெள்ளிக்கிழமை நாலு மணி. மனாமா.
மாலின் இரண்டாம் தளத்துப் புத்தகக் கடையில்
மஞ்சள் ஒட்டுத்தாளில் பெயர் எழுதுவது என் வேலை.
வரிசையில் நிற்கும் பிள்ளையைக் கேட்டு
பெரிய எழுத்தில் எழுதி
முதல் பக்கத்தில் ஒட்ட வேண்டும்.
எழுத்துப் பிசகினால் புத்தகம் வேறு பிள்ளையுடையதாகிவிடும்,
மேனேஜர் ஷினோஜ் இரண்டு தரம் சொல்லிவிட்டார்.

ஹெஸ்ஸா. தினுக்க. ஆன்ஸெல்ம்.
மர்யம், வொய் வைத்து.
இன்னொரு மரியம், ஐ வைத்து.

எழுத்தாளருக்கு எண்பது இருக்கும்.
காதில் முடி, செருப்புக்குள் சாக்ஸ்.
இங்கிலீஷ் பிள்ளைகளுக்காக
ஐம்பது வருஷமாகக் கெட்ட பெரியவர்களைக் கொன்று வருபவர்.
நார்வேக்காரப் பெற்றோர். வளர்ந்தது கிரிம்ஸ்பி,
கடலும் மீனும் ஈரக் காலுறையுமான ஊர்.
வீட்டில் மரநிறப் பாலாடைக்கட்டி.
(மைக்கில் அவர் அதை விவரித்தபோது
உப்புப் போட்ட பால்கோவா என்று புரிந்துகொண்டேன்.)
வாசற்படி தாண்டினால் இங்கிலாந்து.
பிரம்பும் அங்கேதான் இருந்தது.

அவர் பெயரின் முதல் எழுத்து
ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு.
உதட்டை ஓ-வுக்குக் குவித்துவைத்து
ஏ சொல்ல வேண்டுமாம்.
பள்ளிப் பதிவேட்டில் மைக்கறை என்று நினைத்து
கோட்டைச் சுரண்டிவிட்டார்கள்.
மிச்சத்தைப் பையன்கள் பார்த்துக்கொண்டார்கள்:
ஆய்ஸ்டர். சிப்பி. ஏய் சிப்பி.

ஹெஸ்ஸா கையைத் தூக்கினாள்.
"எங்க முஹர்ரக்கில அது திட்டே இல்லையே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"எழுபது வருஷம் லேட்டாகச் சொல்கிறாய்."

பிறகு அம்மா சொன்ன கதை ஒன்று:
கடலில் செத்தவன் பாதிப் படகில் திரும்பி வருகிறான்,
தலையிருக்கும் இடத்தில் பாசி.
கதை முழுக்க இங்கிலீஷில்தான் போனது.
பிணம் கத்தும் இடத்தில் மட்டும்
நார்வேஜியனில் கத்தினார். கடையே குலுங்கியது.
ஏன் என்று கேட்டான் ஆன்ஸெல்ம்.
"பாவம், அதுக்கு இங்கிலீஷ் தெரியாது."

வரிசையில் பதினேழாவது என் மகள்.
பெயர் கேட்க வேண்டியதில்லை, ஆனாலும் கை நின்றது.
பாஸ்போர்ட்டில் இருப்பதையே எழுதினேன்,
ஸெட்டும் ஹெச்சும் முதுகோடு முதுகாக நிற்க.

அவர் குனிந்து படித்தார். "பாஸில்?"

வகுப்பில் நாலு வருஷமாக அதற்கே
'பிரசன்ட் மிஸ்' சொல்லிவந்தவள்
அன்றைக்கு என்ன வந்ததோ,
"பொழில்" என்றாள். "நாக்கை மேலே மடக்கணும்."
வாயைத் திறந்தும் காட்டினாள்.
அவர் மடக்கிப் பார்த்தார். பொரில். போகில்.
மூன்றாவது, இருமல்.
பதிலுக்குத் தன் எழுத்தைக் கொடுத்தார்.
இவள் உதட்டைக் குவித்தாள், வந்தது வெறும் காற்று.
ஷினோஜ் மணிக்கட்டைப் பார்த்தார்.
பின்னால் நாற்பது பேர்.

கடைசியில் கையெழுத்து.
அட்டையில் அச்சான பெயரில் இல்லாத கோட்டை
அவர் பேனா அழுத்திப் போட்டது.
"உங்க பேரை நீங்களே அடிச்சிட்டீங்களா?"
அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
பேனாவை அவளிடம் நீட்டினார்.
அவருடைய பெயருக்குக் கீழே
தன் பெயரைத் தமிழில் எழுதினாள்,
ழகரத்தின் வால் காகிதத்தின் ஓரம் வரை போய்விட்டது.

கார் பார்க்கிங்கில் ஏசி குளிரக் காத்திருக்கையில்
பின் சீட்டிலிருந்து குரல்:
"அம்மா, நம்ம பேய் என்ன பாஷை பேசும்?"

யோசித்தேன்.
சல்மானியா ஆஸ்பத்திரியில் பிறந்தவள் இவள்.
இவளைத் தேடி வரும் பேய்
கொஞ்சம் அரபி, கடைக்கு மலையாளம்,
லிஃப்டில் இந்தி, ஸ்கூலில் இங்கிலீஷ்
எல்லாம் படித்தாக வேண்டும்.

"கத்தும்போது?"

வண்டியை ரிவர்ஸ் எடுத்தேன்.
எதிரே நோ பார்க்கிங் பலகை,
வட்டம், குறுக்கே கோடு.
கண்ணாடியில் பார்த்தால்
உதட்டைக் குவித்துக்கொண்டு
மறுபடி முயன்றுகொண்டிருக்கிறாள்.