ஐந்து வாட்

மூடியைக் கழற்றினேன்.
உள்ளே ஏழு ஈசல், ஒரு குளவி,
எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர்
பல்பு ஆடாமல் இருக்கச் செருகிய
கொண்டை ஊசி.
இருபது வளைவு ஏறி வருகிறவனுக்கு
இருபத்தொன்றாவது.

தொண்ணூற்றேழாம் வருடத்து ஜீப்.
கூரை விளக்கு எரிந்து
நான் பார்த்ததே இல்லை.
தேவையும் படவில்லை, போன சனிக்கிழமை வரை.

அன்று பொன்னுருவி இருட்டில்
இருநூறை இருபது என்று நீட்டினாள்.
இரண்டும் மஞ்சள்தான்.
வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.
ராத்திரி எண்ணும்போது தெரிந்து
மறுநாள் திருப்பிக் கொடுத்தேன்.
கொடுத்ததற்குச் சிரித்தாள்.
வாங்கியதை நினைத்தோ என்னவோ
சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள்.

சேலத்தில், ஓமலூர் ரோட்டுக் கடையில்
"முப்பத்தாறு மில்லியா, நாப்பத்தொண்ணா?"
என்றாள் தில்ஷாத்.
அளந்து வரவில்லை. விரலைக் காட்டி
இந்த நீளம் என்றேன்.
அவள் ஸ்கேலை எடுத்து
என் விரலை அளந்தாள், சிரிக்காமல்.
"எல்.இ.டி. போடுங்கண்ணா, பளிச்சுனு அடிக்கும்."
வேண்டாம்மா,
ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்.
ஐந்து வாட், பழைய மஞ்சள். இரண்டு கொடு.

பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்தேன்.
சாவியில்லாமல் மூடுபனி உள்ளே வந்து போகும் வண்டி.
தகரக் கொக்கிகளில் பச்சை பூத்திருந்தது.
தீப்பெட்டிப் பட்டையைக் கிழித்துத் தேய்த்தேன்.
துளி வாசலின்.
குளவியை மட்டும் ஊதித் தள்ள மனமில்லாமல்
காகிதத்தில் ஏந்தி வெளியே விட்டேன்,
செத்து எத்தனை வருஷமோ.

கையோடு கை, மீட்டர் பெட்டியும்.
பின்னால் கைவிட்டுத் துழாவும்போது
கண்ணை மூடிக்கொண்டேன்.
பார்க்க முடியாத இடத்தில்
கண் ஓர் உபத்திரவம்.
டீசல் முள்ளுக்கு வெளிச்சம் வந்தது.
சூட்டு முள்ளின் ஹோல்டர் உடைந்து கையோடு வந்தது.
இருக்கட்டும்.
சூடேறினால் பதின்மூன்றாவது வளைவில்
மூக்கே சொல்லிவிடும்.

சாயங்காலம் ஒண்டிக்கடையில் ஏறியவர்கள் எட்டு,
எஸ்டேட் கேட்டில் நாலு.
நாகலூர் வரைக்கும் நிதமும் இதே கூட்டம்.
எனக்கு இவர்கள் குரல்கள் மட்டும்.
யார் யாருக்கு எவ்வளவு கடன்,
யார் மகள் யாரோடு பேசுவதில்லை,
எல்லாம் முதுகு வழியாகக் கேட்டவை.
மிளகுக்கொடி தாண்டியதும்
ஆண்டியப்பன் ரைட்டர் குரலில் ஆரம்பிப்பான்:
"ஏ, கூடையில இலையா காயா?"
வண்டியே குலுங்கும், பள்ளமில்லாத இடத்திலும்.

இன்றைக்கு விளக்கைப் போட்டேன்.

பன்னிரண்டு பேரும் அவரவர் கையைப் பார்த்தார்கள்.
கறை, வெட்டு, நகக்கண்ணில் மண்.
மிளகுக்கொடி வந்தது, போனது.
ஆண்டியப்பன் வாயைத் திறந்து
கொட்டாவி போல மூடினான்.
எதிரே, மூலையில்,
ரைட்டரின் மச்சினன்.
கண்ணாடியில் எனக்கும் இப்போதுதான் தெரிந்தது
இத்தனை நாள் எல்லோரையும் விட
உரக்கச் சிரித்தது யாரென்று.

"அமத்துண்ணே" என்றது ஒரு குரல்.
யாருடையது என்று வெளிச்சத்தில் பிடிபடவில்லை.

ஸ்விட்சில் மூன்று இடம் உண்டு.
மேலே, எரியும். கீழே, எரியாது.
நடுவில் விட்டால்
கதவு திறக்கும்போது மட்டும்.
நடுவில் விட்டேன்.

ஒரு வளைவு. இன்னொன்று.
காப்பிப் பூ வாசனையும் ஈரச் சாக்கு நாற்றமும்.
அப்புறம்
"ஏ, கூடையில இலையா காயா?"
அச்சு அசல் ரைட்டர்.
ஆண்டியப்பனை விடச் சுத்தம்.
வந்தது மூலையிலிருந்து.

நாகலூரில் பின்கதவு திறந்ததும்
பொன்னுருவி இறங்காமல் நின்று
என் ஐந்து வாட்டுக்கு அடியில்
நோட்டைத் தூக்கிப் பிடித்து
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.
இருபது.
என்னையும் ஒரு தடவை
அதே மாதிரி பார்த்துவிட்டு
கதவைச் சாத்தினாள், கொஞ்சம் பலமாகவே.