போகா வாயு

துலாரேயில் பனிமூட்டம் விலகப் பத்து மணியாகும்.
அதற்குள் தவாரெஸின் சாணக்குளத்தை
இரண்டு சுற்று வந்துவிட்டேன்.
வாடகைக் காரின் மிதியடிக்கு இனி நான்தான் பொறுப்பு.

குளத்தின்மேல் கறுப்பு உறை
நாலு ஏக்கருக்கு உப்பிக் கிடக்கிறது.
கீழே, மூவாயிரத்து இருநூறு மாடுகளின் நேற்று.
அதன்மேல் ஏறி நடக்கிறார்.
கால் வைத்த இடம் அமுங்கி
எடுத்த இடம் எழும்புகிறது.
"பால் எனக்கு இப்போது பக்க வருமானம்"
என்கிறார். சிரிக்கவில்லை.

பாலுக்கு லாரி வரும், எடை உண்டு.
வாயுவுக்குக் குழாய் உண்டு, மீட்டர் உண்டு.
மூன்றாவது சரக்கை ஏற்ற வண்டி கிடையாது:
வானத்துக்குப் போகாத மீத்தேன்.
அதை எண்ணித்தான்
சாக்ரமெண்டோவிலிருந்து என்னை அனுப்புகிறார்கள்.
இந்த உறை இல்லாதிருந்தால் எவ்வளவு போயிருக்கும்?
என் சம்பளம் அந்த 'இருந்தால்' போடுவது.

போகா வாயு.
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.
பள்ளியில் இதற்கு இரண்டு மதிப்பெண்,
இங்கே டன்னுக்கு இருபத்தெட்டு டாலர்.
கடன் வாங்கிய வருஷம் அவருக்குச் சொன்ன விலையில்
கால்வாசிகூட இல்லை அது.
வங்கி மட்டும் பழைய விலையையே நினைவில் வைத்திருக்கிறது.

பிப்ரவரியில் பதினொரு நாள்
குழாய்க் கம்பெனி வாயு வேண்டாம் என்றது.
வேண்டாததை எரித்தார்கள்.
தீயின் வாயில் இருந்த வெப்பமானி செத்திருந்தது,
யாரும் கவனிக்கவில்லை.

"எரிந்தது. நான் கை காய்ந்தேன்"
என்கிறான் எவரிஸ்டோ, ராத்திரி ஷிப்ட்.
புறங்கையில் பொசுங்கிய மயிரைக் காட்டுகிறான்.
நம்புகிறேன்.
படிவத்தில் நம்புவதற்குக் கட்டம் இல்லை.
பதினொரு பூஜ்யம் போட்டேன்.

நானூற்று எண்பது டன்.
டாலரில் சொன்னேன்.
தவாரெஸ் உதட்டுக்குள் வேறு நாணயத்தில் மாற்றிக்கொண்டார்:
"நாலு சினைக்கிடாரி."
தீவனச் சந்தின் கோடி வரை
கண்ணை ஓட்டிப்
பிறகு கையெழுத்திட்டார், பேனா ஈரத்தில் எழுதவில்லை,
என்னுடையதைக் கொடுத்தேன்.

அப்போது பின்னால் ஒரு மாடு வாலைத் தூக்கியது.
சிமெண்டுத் தரையில் சொத்தென்று ஒலி.
சட்டெனத் திரும்பினார்,
தெருவில் சில்லறை விழுந்த சத்தத்துக்கு
எவரும் திரும்புகிற மாதிரி.