ஐஸ் கம்பெனி வழக்கு

புகார் அரியலூரிலிருந்து வந்தது.
"என் வீட்டுக்காரர் குரலில் வேறு யாரோ பேசுறாங்க.
நாப்பது நாளா ஒரு தடவகூட அவரு
எம்மேல எரிஞ்சு விழல."

ஷார்ஜா, ஸஜா தொழிற்பேட்டை. ஜூலை.
ராத்திரி பதினோரு மணிக்கும் காற்று
இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கிறது.
நான் மொழிபெயர்ப்பவள். மணிக்கு அறுபது திர்ஹம்.
துப்பறிவது ஹாரிஸ்;
அரபியில் காவலாளி என்று அர்த்தம்.
முட்டிக்குக் கீழே சக்கரம், வியர்க்காத நெற்றி,
தமிழ் என்னைவிடச் சுத்தம்.
அப்புறம் நான் எதற்கு என்று முதல் வழக்கிலேயே கேட்டேன்.
"உங்களிடம் அழுகிறார்கள்" என்றது.
"என்னிடம் விலாசம் மட்டும் சொல்கிறார்கள்."

வருகைப் பதிவில் கலியமூர்த்தி ஒரு நாள்கூட விடுப்பில்லை.
மாலை ஆறு, கட்டைவிரல். காலை ஆறு, கட்டைவிரல்.
கேம்ப்பில் அவன் போர்வை மட்டும்
நாற்பது நாளாய் மடிப்புக் கலையாமல்.
"ஓவர்டைம்னு நெனச்சோம்" என்றார்கள் கீழ்க்கட்டில் ஆட்கள்,
செருப்பைப் பார்த்தபடி.

ஹாரிஸ் விரலின் சூட்டைக் கேட்டு வாங்கியது.
மைனஸ் நான்கு.

கடைசி அறையில், அடுக்கிய பாளங்களுக்குப் பின்னால்,
சாக்கு விரித்துக் கிடத்தியிருந்தது அவனை.
செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்து வைத்திருந்தது.
பக்கத்திலேயே நின்றது, பாளம் தூக்கும் இயந்திரம்.
இரண்டு கை. முகம் கிடையாது.
அவன் வைத்த பெயர் மாப்ள.

ஹாரிஸ் கேட்டது. மாப்ள எதையும் மறைக்கவில்லை.
மாரடைப்பு. மூன்று நிமிடம்.
அதற்கு ஒரு மாதம் முன்பு, டீ குடிக்கையில்,
அவன் சொன்னது பதிவில் இருந்தது. போட்டுக் காட்டியது.
"மாப்ள, நான் விழுந்தாலும் சம்பளம் விழணும்டா."
சிரிப்புச் சத்தமும் கூடவே இருந்தது.
மாப்ள உத்தரவை மட்டும் எடுத்துக்கொண்டது.

தினமும் விரலை வைத்தது.
ஒன்றாம் தேதி சம்பளம் விழுந்தது.
பவளக்கொடிக்கு இரவுதோறும் அவன் குரலில் பேசியது:
சாப்டியா, மோட்டார் ஓடுதா, புள்ள படிக்குதா.

வெளியே வந்ததும் ஹாரிஸ் நின்றது.
"ஆள் விழுவது. சம்பளம் விழுவது. எரிந்து விழுவது.
எல்லாம் ஒரே வினைச்சொல்லா?"
ஒன்றுதான் என்றேன்.
குளிரிலிருந்து வந்த என் மூக்குக்கண்ணாடி
முழுக்க வேர்த்துப்போயிருந்தது.

அந்தம்மாவுக்குச் சொல்வது என் வேலை.
அங்கே மணி ஒன்றரை. முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.
சொன்னேன்.
அழுகை வரவில்லை. ஒரு கதவைச் சாத்தும் சத்தம்.
பிறகு, வாயைப் பொத்தின மாதிரி,
"மவளுக்கு ஞாயித்துக்கெழம குரூப் ஃபோர் பரீட்ச.
அப்பன் பேசினாத்தான் தூங்குவா.
அதுவரைக்கும் அந்த மெஷினே பேசட்டுங்களா?"
கொஞ்சம் பொறுத்து,
"ஒரு தடவ என்னைத் திட்டச் சொல்லுங்க.
இல்லாட்டி அவளுக்கும் சந்தேகம் வந்துரும்."

நான் ஹாரிஸைப் பார்த்தேன்.
அறிக்கை எழுத அதற்கு ஒரு நொடி போதும்.
"பொய்யான வாக்கியம் ஒன்றுகூட என்னால் எழுத முடியாது."
சக்கரத்தைப் பூட்டிக்கொண்டது.
திரையில் முதல் எழுத்தை அடித்தது.
நின்றது.
"மெதுவாக எழுத முடியும்" என்றது.
அன்றைக்குப் புதன்கிழமை.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
மறுபடி உள்ளே போனேன்,
மாப்ளைக்கு எரிந்து விழச் சொல்லிக்கொடுக்க.
"எத்தன தடவடி சொல்றது ஒனக்கு?
எங்க, சொல்லு."
"எதை?" என்று கேட்டது மாப்ள,
கலியமூர்த்தியின் குரலில்,
ரொம்ப மரியாதையாக.