கட்டம் ஏழு: மறுப்பு

படிவத்தில் ஏழாவது கட்டம் 'மறுப்பு'.
இருப்பதிலேயே சின்னது,
ஒரு சரிக்குறி உட்காரும் அளவு.
சம்புரு நாட்டில், மணலாய்க் கிடக்கும் ஆற்றின் கரையில்
பதினோரு குடிலுக்கும் அதையே போட்டுவிட்டு
வெயில் ஏறுமுன் திரும்பியிருக்கிறேன்,
இரண்டு வருடம்.
குளிர்பெட்டியில் தடுப்பு மருந்து
போனபடியே வந்தது.

எத்தனை பிள்ளைகள்?
நசியெக்கு ஒட்டகத்தைப் பார்ப்பாள்.
மொத்தம் எத்தனை?
"பிள்ளைகள் இருக்கிறார்கள்."
மேருச் சரிவில் தேயிலைக் கூடை நிறுத்துக்
கூலி வாங்கிய வீட்டுப் பையன் நான்.
எண்ணாத நாளில் எங்கள் அடுப்பு எரிந்ததில்லை.
எண்ணத் தெரியாதவள் என்று
எண்ணிக்கொண்டேன்.

கெமுந்தோ வந்தது ஒரு ஜூலையில்.
மானிடவியல் படித்தவள். மலேரியாவுக்கும்
அந்தப் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று
வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன்.
என் ஜீப்பில்தான் வந்தாள், திரும்ப ஏறவில்லை.
கழுதைக்குத் தண்ணீர்க் கேன் கட்டப் பழகினாள்.
குட்டியாடுகளோடு படுத்தாள். உண்ணி கடித்தது.

முதல் வாரம் அவள் நோட்டில்:
உயிருள்ளதை எண்ணினால் குறையும்.
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
மூன்றாம் வாரம் அந்த வரியை
அவளே பாதி அடித்திருந்தாள்.

பஞ்சத்து வருடம் இருவர் வந்தார்களாம்,
தடித்த அட்டை போட்ட பேரேட்டோடு.
ஆடுகளை எண்ணினார்கள், நிதானமாக,
ஒவ்வொன்றின் காதிலும் சாயம் தடவி.
மெலிந்தவற்றை ஓட்டிப்போனார்கள்,
மக்காச்சோளம் பின்னால் வரும் என்றார்கள்.
"எண்ணியவர்கள் போனார்கள்.
எண்ணப்பட்டவையும் போயின.
இப்போது நீ வந்து
பிள்ளைகளைக் கேட்கிறாய்."

அப்படியானால் எது காரணம்,
நம்பிக்கையா, பட்ட சூடா?
நசியெக்கு அன்றுதான் என்னை நேரே பார்த்தாள்:
"காலை பத்து மணிக்கு வருகிறாய்.
ஆடு எப்போது கிளம்பும் என்று
யாரிடமாவது கேட்டாயா?"

ஓடத் தெரிந்த பிள்ளைகள் அத்தனை பேரும்
இரண்டு நாள் நடைக்கு அப்பால்
மேய்ச்சல் பட்டியில்.
மறுக்கவில்லை.
மேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எத்தனை என்று கேட்பதில்லை.
குடிலுக்குள் குனிந்து போய்
சுவரில் தொங்கும் பால்குடுவைகளைப் பார்ப்பேன்.
இது யாருடையது? லொய்போருடையது.
இது? ல்மகீயாவுடையது, தள்ளி வை, உடைத்துவிடாதே.
நீல மணி கோத்தது? நைசுலாவுடையது.
பெயர்களை எழுதிக்கொள்வேன்.
மாவட்ட அலுவலகத்துக்கு எண் வேண்டும்;
அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு
திருடுகிறவன்போல
விரல்விட்டு எண்ணுவேன்.

குளிர்பெட்டி கழுதை முதுகில் ஏறியது.
முதல் நாள் கழுதை அதை உதறித் தள்ளியது,
இரண்டாம் நாள் பொறுத்துக்கொண்டது.
பட்டியை அடைந்தபோது அந்தி.
ஆடுகளும் பிள்ளைகளும்
ஒரே புழுதியாக வந்தார்கள்.
பதினேழு ஊசி.
ஊசியை எண்ணலாம், அதற்கு உயிரில்லை.

எங்களுக்கு ஒன்பது நாள் முன்னால்
தட்டம்மை அங்கே வந்து போயிருந்தது.
வரும்போது எந்தப் படிவமும்
அது நிரப்பவில்லை.
கெமுந்தோ எதுவும் எழுதவில்லை.
நைசுலாவின் அண்ணன்
கழுதைக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

அடுத்த மாதம் அதே குடில்.
குனிந்து போனேன். சுவரைப் பார்த்தேன்.
பழக்கம்; கை தானாக நீண்டுவிட்டது
நீல மணியிடம்.
வாய் தானாகக் கேட்டுவிட்டது.

சொல்லக்கூடாத பெயர் என்று ஒன்று உண்டு;
அது எனக்கு அதுவரை தெரியாது.
கெமுந்தோவின் நோட்டிலும் இல்லை.

நசியெக்கு வெளியே திரும்பி
ஒட்டகத்தைப் பார்த்தாள்.
"குடுவைகள் இருக்கின்றன" என்றாள்.