எந்தப் பெட்டியில்

சாட்ஸ்வொர்த் மாலில் மாடிப்படிக்குக் கீழே எங்கள் கடை.
கண்ணாடி அலமாரியில் இரண்டு விளையாட்டுப் பெட்டிகள்.
ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை.
இந்த நாட்டில் அப்படிச் சொன்னதும்
சிலர் சற்றே நிமிர்கிறார்கள்.
பிளாஸ்டிக்கின் நிறம் அங்கிள், அவ்வளவுதான்.

ஆன்லைனுக்கு எதும்மா நல்லது?
எனக்கு மனப்பாடம்.
கறுப்பில் மாதச் சந்தா குறைவு,
ஆனால் சந்தா தீர்ந்த அன்றே
இனாமாய் வந்த ஆட்டங்களுக்குப் பூட்டு விழும்.
வெள்ளையில் ஆட்டம் கிளவுடில் சேமிப்பாகும்.
வீட்டில் திருடன் புகுந்து பெட்டியைத் தூக்கிப் போனாலும்
விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.
இதைச் சொன்னால் எங்கள் பக்கம் உடனே விற்கும்.
கறுப்பில் குரல் தெளிவு.
வெள்ளையில் எட்டுப் பேர் ஒன்றாய்ப் பேசலாம்,
எட்டு வீட்டு நாயும் சேர்ந்து குரைக்கும்.
கறுப்பு, நண்பன் கடைசியாய் எப்போது வந்தான் என்று காட்டிக்கொடுக்கும்.
வெள்ளையில்
இருந்துகொண்டே இல்லாதவர்போல் இருக்கலாம்.

கூப்புசாமி என்றொரு லாரி டிரைவர்,
முழுவதையும் கேட்டுவிட்டு
பையன் பக்கம் திரும்பினார்.
“கேப்டவுன் போனானே உன் சிநேகிதன்,
அவன்கிட்ட எது இருக்கு?”
“வெள்ளை.”
“அப்ப வெள்ளை கொடும்மா.”
நாலு நிமிடத்தில் பில் போட்டாயிற்று.
நாலு வருடமாய் நான் ஒப்பித்தது
கவுண்டர் மேல் அப்படியே கிடந்தது,
யாரும் எடுத்துப்போகாத கொசுறு மாதிரி.

என் வீட்டில் கறுப்பு.
தம்பி கெர்ஷன் பெர்த்துக்குப் போய்
அங்கே வெள்ளை வாங்கினான்.
இதிலிருந்து அதற்குக் கூப்பிட முடியாது.
ஃபோனில் பேசுவோம்:
அங்கே வெயிலா, இங்கே மழை,
சரி அக்கா, வேலை இருக்கு.
முகம் பார்த்தால் எங்களுக்குப் பேச்சு வராது.
பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து
ஆளுக்கொரு கண்ட்ரோலரோடு
திரையைப் பார்த்தால் வரும்.
நாட்டை விட்டுப் போகிறேன் என்பதையே
மூன்றாவது சுற்றில்தான் சொன்னான்,
நான் சுவரில் போய் மோதினேன்,
அவன் ஜெயித்தான்.

ஊழியர் தள்ளுபடி, பன்னிரண்டு மாதத் தவணை.
வெள்ளை என் வீட்டுக்கும் வந்தது.
அப்டேட் நாற்பத்தேழு சதவீதத்தில் நின்று
என்னைப் பார்த்தது.
கரண்ட் மீட்டர் காசு கேட்டுக் கூவியது.
பிறகு பெயர் கேட்டது.
யுவேஷ்னி: ஏற்கெனவே எடுக்கப்பட்டது.
யுவேஷ்னி1: எடுக்கப்பட்டது.
அக்கா என்று போட்டேன். அதையும்
எவளோ எடுத்திருந்தாள்.
கடைசியில் ரோடு704 என்று அடித்தேன்,
எங்களை இங்கே கொண்டுவந்து கொட்டியவர்கள்
பெயர் வைக்க மனமில்லாமல்
எண் போட்டுவிட்ட எங்கள் தெரு.
அது காலியாக இருந்தது.

பெர்த்தில் அப்போது இரவு இரண்டரை.
அவன் யார் யாரோடோ பந்தயத்தில் இருந்தான்.
அடுத்த ஆட்டத்தில்
கடைசி வரிசையில் போய் நின்றேன்.
கடல் தாண்டிப் போகிற சிக்னல்;
அவன் திரையில் என் கார்
நான் இருக்கும் இடத்தில் இருக்காது,
கொஞ்சம் முன்பு இருந்த இடத்தில் இருக்கும்.

முதலில் போய்க்கொண்டிருந்தவன்
மூன்றாம் திருப்பத்தில் வேகம் குறைத்தான்.
ஓரம்கூட ஒதுங்கவில்லை,
நடுப்பாதையில் நிறுத்திவிட்டான்.
ஆறு கார்கள் இடித்துக்கொண்டு கடந்தன.
யாரோ ஏதோ மொழியில் திட்டினார்கள்.
நான் மெல்லப் போய்ப் பக்கத்தில் நிறுத்தினேன்.

மைக் விளக்கு ஒருமுறை மின்னியது.
பேச்சு இல்லை.
அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது.
அவன் நாய் வளர்ப்பது
எனக்குத் தெரியாது.